மனோகரன் எழுதிய பதினொரு வரி

அந்தப் பதினொரு வரிகளை அழித்தது சைமன்தான். யாரும் அவன் கையைப் பிடித்து அழுத்தவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மீன்குழம்புச் சோறு சாப்பிட்ட கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, ஏப்பம் விட்டபடியே அழித்தான். அழித்துவிட்டு, உலகத்துக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட தோரணையில் நாற்காலியில் சாய்ந்தும் கொண்டான்.

சைமன் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் கேட்டில் காலை ஷிஃப்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற குமாஸ்தா. அது பிழைப்பு. அவனுடைய நிஜமான உத்தியோகம், யாரும் கேட்காமல் அவனே தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டது, செத்த போன்களை எழுப்புவது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி விற்று, ஒன்றரை வருஷத்தில் கைகழுவிவிட்ட மாடல் ஒன்று உண்டு. முதுகு கறுப்பாகப் புடைத்திருப்பதால் அதை வைத்திருப்பவர்கள் வண்டு என்றார்கள். இனி அப்டேட் கிடையாது, போய்ப் புதுசு வாங்கிக்கொள் என்று கம்பெனி சொன்னபோது, உலகம் முழுக்க நாற்பது பேர் மட்டும் மாட்டோம் என்று நின்றார்கள். கம்பெனியின் சாஃப்ட்வேரைத் துடைத்துப் போட்டுவிட்டு, வண்டுக்குள் லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளை ஏற்றி, ஒவ்வொரு பாகமாக உயிர் கொடுத்தார்கள். போலந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஸ்பீக்கரைப் பேசவைத்தார். பிரேசிலில் ஒரு பஸ் டிரைவர் கேமராவைத் திறந்தார். வண்ணாரப்பேட்டையில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒவைஸ் உடைந்ததையெல்லாம் ஒட்டினான். சைமன் பங்குக்கு வண்டின் கண் வந்து சேர்ந்தது.

வண்டுக்கு நெற்றியில் ஒரு கண். பேசும்போது கன்னம் பட்டு எதுவும் அழுந்திவிடாமல் இருக்க, முகம் கிட்டே வந்ததும் திரையை அணைக்கிற கண். எல்லா போனிலும் இருப்பதுதான். ஆனால் இதை அந்த மாடலுக்கென்றே தனியாகச் செய்திருந்தார்கள். மனிதர் பார்வைக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை முன்னால் வீசும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால், எத்தனை சென்டிமீட்டரில் பட்டது என்று சொல்லும். மூன்று அடி வரைக்கும் அதற்குப் பார்வை உண்டு.

அந்தக் கண்ணுக்காகக் கம்பெனிக்காரன் எழுதியிருந்த நிரல் வரிகளை ஒழுங்குபடுத்தி, லினக்ஸின் பொதுத் தொகுப்பான தாய்நிரலில் சேர்ப்பதற்கு அனுப்ப வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மாமியார் மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் சைமனிடம் காரணம் இருந்தது, பதினொரு வரியைத் தவிர. திரும்பி வரும் வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட விதமாக நடுங்கினால், விளக்கை அந்த நொடியே அணைத்துவிட வேண்டும், எதிரில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அந்த வரிகள் செய்தது இவ்வளவுதான். மேலே, 'இதை எடுக்காதீர்கள்' என்று ஒரு குறிப்பு. பக்கத்தில் எம்.ஆர். என்று இரண்டெழுத்து. ஏன் எடுக்கக் கூடாது என்று எழுத எம்.ஆருக்கு நேரமில்லைபோல.

காரணம் சொல்லாமல் அதட்டுகிறவர்களைச் சைமனுக்குப் பிடிக்காது. கிடங்கில் அப்படி ஒரு மேனேஜர் இருக்கிறார். அவரை அழிக்க முடியாது. இந்த வரிகளை அழிக்க முடிந்தது.

ஹாலில், படுக்கையறை வாசலில் போய் முடிகிற சுவரில், ஒவைஸின் கடைப் பழைய பெயர்ப்பலகையைக் கவிழ்த்து மாட்டி, அதில் ஒன்பது வண்டுகளை வரிசையாகத் திருகியிருந்தான். நின்றால் முகத்துக்கு நேராக வரும் உயரம். எதை மாற்றினாலும் முதலில் அந்த ஒன்பதில்தான் ஏற்றிப் பார்ப்பான். சோதனைக்காக, கண்ணின் எல்லைக்குள் எது வந்தாலும் திரை அணையும்படி வைத்திருந்தான். ஒன்பதிலும் பெரிய எழுத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது.

வீடு ராயபுரத்தில், இரண்டாவது மாடி. மனைவி ஜானட் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி வேலை பார்ப்பவள், பகலில்தான் தூங்குவாள். அவளுக்காக எல்லா ஜன்னலிலும் கம்பளி தொங்கும். எனவே அந்த வீட்டில் மத்தியானம் என்பது வெளியே மட்டும்தான். உள்ளே எப்போதும் ஒரு பழுப்பு இருட்டு. அதில் மழையில் நனைந்த கருவாட்டு வாசனையும், துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் டீசல் நெடியும், தூரத்தில் சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தமும், தெருமுனையில் திரும்ப முடியாமல் முனகும் ட்ரெய்லர் லாரியின் உறுமலும் வந்து ஒதுங்கிக்கொள்ளும். இவற்றுக்கு நடுவே ஜானட்டின் தூக்கப் பேச்சு. அவள் தூக்கத்தில் பேசுவாள் என்பதைவிட, தூக்கத்தில் திட்டுவாள் என்பதே சரி. "சாம்பிள மாத்தி வெச்சது யாரு... லேபிள் ஒட்டத் தெரியாதா." கல்யாணமான புதிதில் சைமன் எழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

அன்றைக்கும் அவள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். மணி மூன்று பத்து. பலகையில் இடது ஓரத்துத் திரை அணைந்தது.

ஒரு நொடி. மறுபடி எரிந்தது. அது எரிந்ததும் இரண்டாவது அணைந்தது. பிறகு மூன்றாவது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மூச்சு நேரம் நின்று, நான்கு, ஐந்து, ஆறு. கண்காட்சியில் படம் படமாகப் பார்த்துக்கொண்டே போகிறவர் மாதிரி. ஒன்பதாவது அணைந்து எரிந்தபோது ஹாலில் சைமனைத் தவிர யாரும் இல்லை. ஒன்பதாவதுக்குப் பக்கத்தில் இருந்தது படுக்கையறைக் கதவு.

சைமன் முதலில் செய்த காரியம், தன்னையே திட்டிக்கொண்டதுதான். ஏதோ தப்பாக எழுதியிருக்கிறோம்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வண்டைக் கழற்றி ஒவைஸிடம் கொடுத்தான். ஒவைஸுக்கு முப்பத்தைந்து வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பேசுவான்.

"பல்லியா இருக்கும் மாமு."

"பல்லி ஒம்பது போனு முன்னாடியும் நின்னு மணி பாத்துகினு போவுமா?"

"டூட்டிக்கு லேட்டாயிட்ச்சோ இன்னாவோ."

சாயந்திரம் வரைக்கும் அந்த வண்டு ஒவைஸின் மேசையில் நின்றது. ஆள் வரும்போது அணைந்தது, போனதும் எரிந்தது. ஒரு தவறும் இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது ஒவைஸ் சிரிக்கவில்லை. "போனு ஓகே. வூட்டத்தான் ரிப்பேருக்கு எட்த்துகினு வரணும்" என்றான். பிறகு, அந்தக் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த ஒருவர் தன் வாடிக்கையாளர் என்றும், எம்.ஆர். யாரென்று அவரைக் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னான். இரண்டு நாளில் பெயரும் மெயில் முகவரியும் வந்தன. மனோகரன். ரிடையர் ஆகிவிட்டார். பெரம்பூரில் இருக்கிறார்.

சைமன் மரியாதையாக எழுதினான். நான் இன்னார், வண்டுக்காரன், உங்கள் பதினொரு வரியை எடுத்துவிட்டேன், அவை எதற்கு என்று தெரிந்தால் நல்லது. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. 'எடுத்ததில் தவறில்லை. எடுத்தபடியே இருக்கட்டும்.'

எடுக்காதே என்று எழுதியவரே எடுத்தது சரி என்கிறார். சைமன் மறுபடி கேட்டான். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டான். 'ஹார்டுவேர் பிரச்சனை. பழைய விஷயம்.' என்ன பிரச்சனை? பதில் இல்லை.

இதற்குள் வீட்டில் தினமும் மூன்று மணிக்குமேல் திரைகள் அணைந்து எரிந்தன. எப்போதும் ஜானட் தூங்கியபிறகு. எப்போதும் படுக்கையறையை நோக்கி. போனது உண்டு, திரும்பி வந்ததைப் பலகை காட்டியதே இல்லை.

கேட் குமாஸ்தாவுக்கு ஒரு புத்தி உண்டு. எது உள்ளே வந்தாலும் எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். சைமன் ஒன்பது வண்டுகளையும் பலகையிலிருந்து கழற்றி வீடெங்கும் வைத்தான். தரையில் ஒன்று, ஸ்டூலில் ஒன்று, கதவுக்கு மேல் ஒன்று, மீதியைக் கட்டிலைச் சுற்றி. தரையில் வைத்தது ஒருநாளும் அணையவில்லை. ஸ்டூலில் வைத்ததும் இல்லை. நிற்கிறவனின் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் மட்டும், அறை வாசல்வரை. கட்டில் அருகே வந்ததும் அந்த உயரத்தில் இல்லை. தலையணை உயரத்தில்.

வந்தது குனிகிறது. அல்லது, குனிவதற்கு உடம்பு என்று ஒன்று அதற்கு இல்லை. முகம் மட்டும் இறங்குகிறது.

தலையணை ஓரத்து வண்டு அளவுகளைக் குறித்துவைத்தது. அதற்கு முன்னால் இருந்தது ஜானட்டின் முகம். நடுவே காலி இடம். வெள்ளிக்கிழமை அந்தக் காலி இடத்தில் ஏதோ ஒன்று, அவள் வாயிலிருந்து ஐம்பத்தெட்டு சென்டிமீட்டரில். திங்கள் நாற்பது. புதன் இருபத்தேழு.

ஜானட்டின் பேச்சு மாறியிருப்பதைச் சைமன் அன்றுதான் கவனித்தான். அவள் திட்டவில்லை. குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவு. முகத்துக்கு முகம் வைத்திருப்பவரிடம் பேசுகிற அளவு. அவன் கதவோரம் நின்று காதைக் கொடுத்தான்.

"ம்." நீண்ட மௌனம். "ம்... ரெண்டாவது மாடி." மௌனம். "சைமன்." மௌனம். "இல்ல... ஒம்பது."

யாரோ கேட்கிறார்கள். இவள் பதில் சொல்கிறாள்.

அன்று சாயந்திரம் சைமன் தோற்றான். பதினொரு வரிகளையும் எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டு, ஒன்பது வண்டுகளிலும் ஏற்றினான். மறுநாள் மத்தியானம் எல்லாத் திரைகளும் பளிச்சென்று எரிந்தன. எதிரில் எதுவும் இல்லை, எதிரில் எதுவும் இல்லை என்று ஒன்பதும் சொல்லின. ஜானட் உரக்கத் திட்டினாள். "கர்த்தரே, இந்த டியூப மூட மறந்தவன் எவன்." சைமனுக்கு அழுகை வந்தது.

நான்கு மணிக்கு மெயில் வந்தது. கேட்டதற்கே சரியாகப் பதில் தராத மனோகரனிடமிருந்து.

'என்ன செய்தீர்கள்?'

சைமன் எழுதினான்: வரிகளைத் திருப்பிப் போட்டேன்.

'ஏன்?'

அவ்வளவுதான். ஒரு முற்றுப்புள்ளியோ வணக்கமோ இல்லை. பெரம்பூரில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு, ராயபுரத்தில் இரண்டாவது மாடியில் நான் எதை ஏற்றினேன் என்று எப்படித் தெரியும்? சைமன் கேட்டான். பதில் வரவில்லை. கேட்கக் கேட்க அவனுக்குள் பழைய கோபம் ஏறியது. என் வீட்டில் என்ன நிற்கிறது என்று எனக்குச் சொல்லாமல் மறைப்பதற்கு எழுதிய வரிகள் இவை. கண்ணை மூடிக்கொண்டால் இல்லை என்று ஆகிவிடுமா? திரை எரிந்தால் அது போய்விட்டது என்று அர்த்தமா, போகாமலே நின்றால்?

ஜானட் திட்டியதை அவன் நினைத்துப் பார்த்திருக்கலாம். நினைக்கவில்லை. பிடிவாதம் காதை அடைக்கும். வெள்ளிக்கிழமை விடியலில் பதினொரு வரியையும் மறுபடி தூக்கினான்.

மனோகரன் மறுபடி அமைதியானார்.

அன்று மத்தியானம் பதினைந்து சென்டிமீட்டர்.

ஜானட்டிடம் சொன்னான். சொல்லாமல் இருந்ததற்கு முதலில் ஒரு பாட்டு வாங்கினான்.

"மூணு வாரமா என் மூஞ்சிகிட்ட ஒண்ணு நின்னுகினு கீது, நீ ஸ்கேல் வெச்சு அளந்துகினு கீற. அறிவு கீதா உனக்கு?"

"பயந்துடுவன்னு..."

"யோவ், நான் டெய்லி எய்ட்ஸ் பிளட்டு, டிபி சளின்னு தொட்டுகினு கீறேன். இது வெறும் மூஞ்சிதான." அவள் காபியைக் குடித்து முடித்தாள். காலி டம்ளரை மேசையில் ஓங்கி வைத்தாள். "வூட்ட மாத்துலாம்னு சொல்லப்போறியா?"

"மாத்துலாமா?"

"மாத்த மாட்டேன். என் வூடு, என் கட்டிலு. தூங்கறது நானு. அது போவட்டும்."

"தீர்த்தம் வாங்கியாரட்டா?"

"எதுக்கு, போனு மேல ஊத்திட்டு ஷார்ட் ஆயிட்ச்சுன்னு குந்தி அழுவறதுக்கா? அந்த மனோகரன் நம்பர வாங்கு. நேரா பேசு. மெயிலு மெயிலா போட்டுகினு."

நம்பரை ஒவைஸ் எப்படியோ வாங்கித் தந்தான்.

சனிக்கிழமை மழை விடவில்லை. மூன்றரைக்குக் கரன்ட் போனது. ஃபேன் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றதும், அதுவரை அது மூடிவைத்திருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கம்பளி நுனியிலிருந்து சொட்டும் நீர், பக்கத்து வீட்டில் பாத்திரம், எங்கோ ஒரு கப்பல் மூன்று முறை விட்டு விட்டு ஊதியது. வாசலிலும் கட்டிலைச் சுற்றியும் எட்டு வண்டுகள் எரிந்தன. பூசைக்கு வைத்த மாதிரி என்று நினைத்து, சைமன் அந்த நினைப்பைப் பாதியில் விட்டான். ஒன்பதாவது அவன் கையில். எட்டின் அளவுகளும் அதில் ஓடின; படிப்பதற்காக, அதன் திரையை மட்டும் ஐந்து சென்டிமீட்டர்வரை அணையாதபடி மாற்றியிருந்தான்.

"நான் தூங்கறேன்" என்றாள் ஜானட். "நீ பாத்துக்க."

எப்படித்தான் தூங்கினாளோ. பத்து நிமிஷத்தில் மூச்சு சீரானது.

வாசல் வண்டு அணைந்தது.

கால்மாட்டில் இருந்தது அணைந்தது.

தலைமாட்டில் இரண்டும்.

பதினான்கு. பதினொன்று. எட்டு.

அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. சத்தம் தேவைப்படாத தூரத்தில் ஒரு காது இருக்கிறது.

சைமன் ஜானட்டின் சாதா போனில் மனோகரனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"சார், வண்டுக்காரன் சைமன் பேசறேன். என் வைஃப் தூங்கறாங்க. அது அவங்க வாய்கிட்ட எட்டு சென்டிமீட்டர்ல நிக்குது. இப்ப ஆறு. ஹார்டுவேர் பிரச்சனைன்னு சொல்லாதீங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம்.

"சார்."

"எத்தனை போன்ல கண்ணு எரியுது?"

"ஒம்பது."

"ஒன்பதா." கிழவரின் குரல் உடைந்தது. "அதோட கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியும் தம்பி. எங்க அதிகமோ அங்க வரும். எட்டு போன அணைங்க. ஒண்ணு மட்டும் எரியணும். அந்த ஒண்ணு அவங்க பக்கத்துல இருக்கக் கூடாது. எல்லாத்தையும் அணைச்சுடாதீங்க. ஒண்ணு எரியணும்."

காவலுக்கு வைத்ததெல்லாம் விளக்கு. அவள் தலையைச் சுற்றி, நானே, ஒவ்வொன்றாக.

கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தான். அதற்குள் அளவு மூன்று.

மூன்றாவது முறை சரியாக விழுந்தது. எட்டுக் கண்களும் மூடின. கையில் ஒன்று மட்டும். சைமன் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். வாசல். ஹால். சுவர் முதுகில் இடித்தது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, திரை தனக்கும் ஓரமாகத் தெரியும்படி சாய்த்து, கண்ணைப் படுக்கையறைப் பக்கம் திருப்பினான்.

"வா" என்றான். "இங்க வா. அந்தப் பொம்பள கிட்ட இன்னா பேச்சு உனக்கு. நான் கீறேன் இல்ல. நான்தான அழிச்சேன்."

எதிரில் எதுவும் இல்லை.

எதிரில் எதுவும் இல்லை.

தொண்ணூறு.

அறுபத்தொன்று.

உள்ளே ஜானட் புரண்டாள். கட்டில் கிரீச்சிட்டது. "லேபிள ஒழுங்கா ஒட்டித் தொலைங்கடா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

சைமன் சிரித்துவிட்டான்.

முப்பத்துநான்கு.

"வந்துடுச்சு சார். என்கிட்ட வந்துடுச்சு."

"தெரியுது." மனோகரன், எழுதிவைத்துப் படிப்பவர் மாதிரி, ஒரே சீராகச் சொன்னார். "கம்பெனி லேப்ல முதல்ல வந்துச்சு. மாடல நிறுத்தச் சொல்லிட்டாங்க. வித்தது வித்ததாச்சே. அதனால எல்லா போனுக்கும் அந்த வரிய எழுதி அனுப்பினேன். அது மேல வெளிச்சம் பட்டா உடனே அணைஞ்சுடும். ஒரே ஒரு போன்ல மட்டும் எழுதல. அது என்கிட்ட இருந்துச்சு. ஒன்பது வருஷம்."

"எதுக்கு சார் ஒண்ணு மட்டும்?"

"வெளிச்சமே இல்லன்னா அது பக்கத்துல இருக்கிற ஆளப் பிடிச்சுக்கும். ஒரு தடவ என் போன் பேட்டரி தீந்து போச்சு. நாலு நிமிஷம் வெளிச்சம் எங்கயுமே இல்ல. அப்ப அது என் வீட்டுக்காரம்மா பக்கத்துல இருந்துச்சு." மழை சத்தம், இங்கேயோ அங்கேயோ. "இருக்காங்க. பக்கத்து ரூம்லதான் உட்கார்ந்திருக்காங்க. அந்த நாலு நிமிஷத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசினது இல்ல. சொல்றதுக்கு அவங்ககிட்ட எதுவும் மிச்சம் இல்ல."

பத்தொன்பது.

"மெயில்ல கேட்டேனே சார். எத்தினி தபா கேட்டேன்."

"மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம், எப்பவும் இருட்டா கிடக்கிற என் போன் திரை வெளிச்சமாவே இருந்துச்சு. சாயந்திரம் வரைக்கும் பாத்தேன். அணையல. அன்னிக்குத் தூங்கினேன். உங்க மெயில் வந்தப்ப எங்க போச்சுன்னு புரிஞ்சுது. புரிஞ்சும் சொல்லல. நடுவுல ஒருநாள் திரும்பி வந்தப்ப செத்துடலாம்னு இருந்துச்சு." கிழவர் மூக்கை உறிஞ்சினார். "உங்களதையும் அணைச்சுடுங்க தம்பி. என்னது எரிஞ்சுட்டுதான் இருக்கு. இங்க வந்துடும். எனக்குப் பழக்கம்."

கட்டை விரல் பொத்தானுக்கு மேல் இருந்தது. அழுத்தினால் போதும். பெரம்பூர் கொஞ்ச தூரம்தான்.

சைமனுக்குத் தன்னைப் பற்றி உயர்வான அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை. பஸ்ஸில் வயசானவர் ஏறினால் தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறான். ஆனாலும் விரல் இறங்கவில்லை. அந்தப் பக்கத்தில், மூன்று வாரத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களத அணைங்க சார்" என்றான்.

"தம்பி..."

"என் வூட்டுக்கு வந்துச்சு. நான் இன்னொருத்தர் வூட்டுக்கு அனுப்ப மாட்டேன். அணைச்சுட்டு அம்மாகிட்ட போயி குந்துங்க."

அங்கே ஒரு போன் அணையும் ஒலியும், ஒரு டிராயர் திறந்து மூடும் சத்தமும் கேட்டன.

ஒன்பது.

ஐந்து.

கையை நீட்டியிருந்த தூரத்தில் திரை அணைந்தது. சைமன் அதை மெல்லத் தன் பக்கம் திருப்பினான். கறுத்த கண்ணாடியில் சைமனின் முகம் தெரிந்தது. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே எதுவும் தெரியவில்லை. அவன் மூச்சை அடக்கியிருந்தான். கண்ணாடியின் நடுவில், வெற்றிலை அளவுக்கு, மெல்ல ஆவி படர்ந்தது. படர்ந்து, சுருங்கி, மறுபடி படர்ந்தது.

"சார்" என்றான், உதட்டை அசைக்காமல். "இத நான் எப்ப கீழ வெக்கலாம்?"

"வைக்க முடியாது" என்றார் மனோகரன். "இடது கையில கட்டிக்குங்க. வலது கை சாப்பிட வேணும்."